இறக்கத்தில் ஒரு வண்டி

எங்கள் படிவத்தில் நாற்பத்திரண்டு கேள்விகள்.
குடும்பத்தில் எத்தனை பேர், மாத வருமானம் எவ்வளவு,
நாளைக்கு எத்தனை லிட்டர்.
மேடு எவ்வளவு செங்குத்து என்று
ஒரு கேள்வியும் இல்லை.

உலான்பாத்தரின் வடக்கு விளிம்பு,
குழாய் ஏறாத குன்று,
கம்பளிக் கூடாரங்களுக்கு நடுவே
நீலத் தகரம் அடித்த தண்ணீர்க் கடை.
ஐந்து பேராய்ப் பேருந்திலிருந்து இறங்கினோம்.
சமூகத் தொழில்முனைவு, மூன்றாம் பருவம்.
சேவை நாற்பது மணி நேரம்,
மதிப்பெண்ணில் பாதி அதற்கு.
நிலக்கரிப் புகையில் நாக்கு கசந்தது.
யாருக்கோ உதவ வந்தவர்கள் போலவே நின்றோம்,
கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு.

கடைக்காரி துலம்சுரேன்
எங்களைவிட நாலு வயது மூத்தவள்.
முதல் சனிக்கிழமை எதுவும் கேட்கவில்லை.
குழாயை நீட்டினாள். "பிடி."
பிடித்தோம். ஈரக் கையுறை இரும்போடு ஒட்டிக்கொண்டது.
சோக்தோ என்ற ஒன்பது வயதுப் பையன்
இருபது லிட்டர் கேனை வண்டியில் வைத்துத் தள்ளி
எங்களைத் திரும்பியும் பாராமல் மேலேறினான்.
எங்கள் அறிக்கை அவனைப் பயனாளி என்றது.

இரண்டாம் சனி. மூன்றாம் சனி.
எங்க்ஜினுக்கு யோசனை வந்துவிட்டது:
வாடகை வண்டி. காற்றடித்த டயர், கேனுக்குக் கம்பளி உறை,
ஒரு நடைக்கு இருநூறு துக்ரிக்.
படம் வகுப்பில் கைதட்டல் வாங்கியது.
கடன் வாங்கி நான்கு வண்டி செய்தோம்.
பலகை எழுதினோம், நிறுவனத்தின் பெயரோடு.
பெயருக்கு மட்டுமே ஒரு வாரம் பிடித்தது.

டிசம்பரில் குன்று கண்ணாடியானது.
மைனஸ் முப்பத்தொன்று.
ஏற்றத்தில் டயர் கல்லாய் இறுகி உருள மறுத்தது.
இறக்கத்தில் உருண்டது,
ஆளை விட்டுவிட்டு.
காலி வண்டி ஒன்று போய்
யாரோ வீட்டுக் கழிப்பறைக் கதவில் முட்டி நின்றது.
உள்ளே இருந்தவர் போட்ட சத்தம்தான்
எங்களுக்கு வந்த முதல் வாடிக்கையாளர் கருத்து.

கணக்கு என் பொறுப்பு.
வரவு பதினாறாயிரத்து நானூறு.
செலவை இங்கே சொல்லமாட்டேன்.
அறிக்கையில் 'கற்றவை' என்றொரு தலைப்பு இருக்கிறது,
நட்டத்தை அதற்குள் மடித்து வைத்துவிடலாம்
என்றான் துகுல்தூர்.

ஜனவரியில் போனபோது
வெல்டிங் பட்டறை கான்போல்து
டயர்களைக் கழற்றியிருந்தார். எங்களைக் கேட்கவில்லை.
பழைய கட்டில் சட்டத்தை வளைத்து
அடியில் இரண்டு சறுக்குக் கம்பி.
டயர்கள் வசந்தத்துக்காகச் சுவரில் தொங்கின.
சோக்தோ ஏறும்போது இழுத்தான்,
இறங்கும்போது அதிலேயே உட்கார்ந்து
கத்திக்கொண்டே வந்தான்.
இந்த வருமானத்துக்கு எங்கள் திட்டத்தில் பத்தி இல்லை.

வாடகை துலம்சுரேனின் நோட்டில் ஏறிக்கொண்டிருந்தது.
கொடுக்க முடிந்தவர் பெயருக்கு நேரே நூற்றைம்பது.
முடியாதவர் பெயருக்கு நேரே ஒரு சின்ன வட்டம்.
மூன்று வருடத்து நோட்டு. தண்ணீருக்கும் அதே வட்டங்கள்,
சில வீடுகளுக்குப் பனிக்காலம் முழுக்க.
நாற்பத்திரண்டுக்கும் விடை அதில் இருந்தது.
கேட்காமல் விட்டதற்கும்.

எங்க்ஜின் பலகையைத் தேடினாள்.
கடை ஜன்னலின் உடைந்த கண்ணாடிக்கு அடைப்பாகியிருந்தது,
எழுத்து உள்பக்கம்.
காற்று வரவில்லை.

'நீங்கள் நிறுவியது என்ன?'
இறுதி அறிக்கையின் அந்தக் கட்டத்தில்
பேனா வெகுநேரம் நின்றது.
பொய் சொல்லும் அளவுக்கு
ஐவரில் யாரும் அன்று தூங்கியிருக்கவில்லை.
வண்டி எங்களுடையது, தொழில் அங்கே ஏற்கெனவே நடந்தது
என்று எழுதினேன். கட்டத்தில் இடம் மிச்சமிருந்தது.

நேரச் சீட்டில் அவள் கையெழுத்து வேண்டும்.
விரல்விட்டு எண்ணினாள். முப்பத்தேழுதான்.
புயலன்று நீங்கள் வரவில்லை.
கெஞ்சிப் பார்த்தோம்.
பேருந்து நின்றுபோனதைச் சொன்னோம்.
அவள் நோட்டைத் திறந்து,
உறைந்த பேனாவை ஊதி ஊதி
ஐந்து பெயரையும் எழுதினாள்.
நேரே வட்டம் போடவில்லை.
மூன்று என்று போட்டாள்.